விண்டோஸ் 10-ஐ விட்டு 11-க்குப் போகலாமா? சென்னை வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. மறுநாள் காலை எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. தீபாவளிக்கு ஐந்தே நாள் இருந்தது, தி.நகர் கடைகளில் பில் போட்டுக்கொண்டே இருந்தார்கள், ஆடிட்டர் அலுவலகங்களில் ஜிஎஸ்டி வேலை வழக்கம்போல நடந்தது. அதனால்தான் "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. நியாயமான கேள்விதான்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினி எத்தனை வருடப் பழசு, விண்டோஸ் 11 பார்க்க எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது என்பதை வைத்து முடிவெடுங்கள். வங்கிக் கணக்கு, ஆதார், டிஜிட்டல் கையொப்பம் புழங்கும் கணினி, பாதுகாப்பு அப்டேட் வராத விண்டோஸில் ஒரு மாதம்கூட இருக்கக் கூடாது. இணையமே தேவைப்படாத கணினியை மாற்ற அவசரம் இல்லை. சில இடங்களில் மாற்றவே கூடாது.

ஆதரவு நின்றால் என்ன ஆகும்?

விண்டோஸில் புதிது புதிதாக ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். மாதாமாதம் வரும் அப்டேட் அவற்றை அடைக்கும். இரண்டு விண்டோஸுக்கும் உள்ளே இருக்கும் நிரல் பெருமளவு ஒன்றுதான் என்பதால், 11-க்கு ஓர் ஓட்டையை அடைத்து அப்டேட் விட்டால், அதே ஓட்டை 10-இல் எங்கே இருக்கிறது என்பதற்கு அந்த அப்டேட்டே துப்பு கொடுத்துவிடும். 10-இல், படி 4-இல் சொல்லும் கூடுதல் அப்டேட் திட்டத்தில் சேராவிட்டால், அதை அடைக்க ஆள் இல்லை.

2017-இல் உலகம் முழுக்கப் பரவிய வானாக்ரை வைரஸ் இப்படித்தான் நுழைந்தது. அது பயன்படுத்திய ஓட்டைக்கு மார்ச் 14 அன்றே மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்திருந்தது. மே 12 அன்று தாக்குதல். இடையில் இரண்டு மாதம் இருந்தும் அப்டேட் போடாத கணினிகளில் கோப்புகள் பூட்டப்பட்டன. அப்டேட்டே வராத கணினிக்கு அந்த இரண்டு மாத வாய்ப்பும் கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆஃபிஸ் 2016, ஆஃபிஸ் 2019 இரண்டுக்கும் அதே அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்தது. பிரவுசர்களும் கொஞ்ச காலத்தில் பழைய விண்டோஸைக் கைவிட்டுவிடும். விண்டோஸ் 7-க்கு 2023 தொடக்கத்தில் குரோம் அப்படித்தான் விடை கொடுத்தது. பிரவுசர் பழசானால் வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் ஒவ்வொன்றாகத் தகராறு செய்யத் தொடங்கும்.

படி 1: கணினியைத் தொடாமல், பேப்பரில் எழுதுங்கள்

பலரும் தவறவிடும் படி இதுதான். விண்டோஸ் மாறுவதால் விண்டோஸில் சிக்கல் வருவது குறைவு. அதோடு இணைந்த சாமான்களில்தான் சிக்கல் வரும். ஆகவே ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: என்ன பிரிண்டர், ஸ்கேனர், எந்த மாடல், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் (பென்டிரைவ் போலச் செருகும் கருவி) இருக்கிறதா, அதன் பெயர் என்ன, ஆதாருக்கு விரல்ரேகைக் கருவி உண்டா, எந்த மென்பொருளுக்காவது டாங்கிள் (லைசென்ஸுக்காகச் செருகும் சிறு கருவி) செருக வேண்டுமா, டேலி கணக்கு மென்பொருளில் எந்தப் பதிப்பு, தமிழ் தட்டச்சு எதில்.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் நேராக, விண்டோஸ் 11 64-பிட்டுக்கு டிரைவர் (அந்தச் சாமானை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கிடைத்தால் அப்போதே இறக்கி பென்டிரைவில் வைத்துவிடுங்கள். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. உங்கள் விண்டோஸ் 10 32-பிட்டாக இருந்தால் மேலேயே அப்கிரேட் செய்ய முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

32-பிட்டோடு இன்னொன்றும் போகிறது. டாஸ் காலத்து 16-பிட் நிரல்கள் 32-பிட் விண்டோஸ் 10-இல் ஓடும்; 64-பிட்டில் ஓடவே ஓடாது. ஃபாக்ஸ்புரோவில் யாரோ எழுதிக் கொடுத்த பில்லிங், அடகுக்கடைக் கணக்கு போன்றவை பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பக்கத்தில் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், அதற்குப் பேரலல் போர்ட் கேபிள். அந்தக் கணினிக்கு என் பரிந்துரை: அப்கிரேட் வேண்டாம், இணைய கேபிளைக் கழற்றிவிடுங்கள், வைஃபையை அணையுங்கள். கணக்கைத் தினமும் பென்டிரைவில் நகல் எடுங்கள். ஜிஎஸ்டிக்கும் வங்கிக்கும் வேறொரு கணினி. அதன் பிறகு அந்தப் பழைய நிரலுக்கு மாற்று தேட நிதானமாக நேரம் கிடைக்கும்.

படி 2: தமிழ் எழுத்துரு விஷயம்

ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது. நம் ஊரிலோ பாதி அச்சகங்களுக்கு முதல் கேள்வியே இதுதான்.

வானவில், பாமினி, டாப், டாம் போன்ற பழைய எழுத்துருக்கள் சாதாரண ஃபான்ட் கோப்புகள்தான். விண்டோஸ் 11-இலும் நிறுவலாம். அந்தக் கோப்புகளை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் போவதுதான் ஆபத்து. ஃபான்ட்ஸ் கோப்புறையைத் திறந்து, தமிழ் ஃபான்ட் அத்தனையையும் தனியே நகல் எடுத்துவிடுங்கள். ஃபான்ட் போனால் பத்து வருடத்துக் கல்யாணப் பத்திரிகையும் பத்திரமும் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

டாங்கிளோடு வரும் தட்டச்சு மென்பொருள்களுக்கு டாங்கிளின் டிரைவர்தான் முக்கியம். விற்றவரிடமோ தயாரித்தவரிடமோ 11-க்கு டிரைவர் உண்டா என்று கேட்டு, "உண்டு" என்று தெரிந்த பிறகே கை வையுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001-இல். அடோபி அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை அச்சகங்களில் அதை வைத்துப் பிழைப்பு நடத்துபவர்கள் அந்தக் கணினியை அப்படியே இணையமில்லாமல் விடுவது நல்லது. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்பும் கோப்புகளை வேறு கணினியில் வாங்கி, வைரஸ் ஸ்கேன் செய்து, பிறகு பென்டிரைவில் கொண்டு வரலாம்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டுபவர்களுக்குக் கவலை குறைவு. தமிழ்99 விசைப்பலகை, அதாவது 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு தரப்படுத்திய அதே அமைப்பு, விண்டோஸ் 11-இலேயே இருக்கிறது. ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் உண்டு. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும்.

ஒரு சின்ன விஷயம், வக்கீல் அலுவலகங்களுக்கு: பழைய வேர்ட் கோப்புகளில் லதா எழுத்துரு இருக்கும். புதிதாக நிறுவிய விண்டோஸில் அது இல்லாமல் போகலாம். பக்க அளவு மாறி, மனுவின் பக்க எண்ணே தள்ளிப்போகும். 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடித் திறந்து, 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் திரும்ப வந்துவிடும்.

முடிந்தால் இந்தச் சாக்கில் பழைய கோப்புகளை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவி கொண்டு யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். 2010-இலேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. விண்டோஸ் அடுத்த முறை மாறும்போது இந்தத் தலைவலி உங்களுக்கு இருக்காது.

படி 3: உங்கள் கணினி தாங்குமா?

மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை நிறுவி ஓட்டினால், தகுதி உண்டா இல்லையா என்று நேராகச் சொல்லிவிடும். 'இல்லை' என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். காரணம் எது என்று பாருங்கள். சில காரணங்கள் ஐந்து நிமிட வேலை.

மாற்ற முடியாத காரணம் பிராசசர். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் ஏற்கப்படுகின்றன. "ஐ5 தான் சார்" என்று சொல்வதில் ஒன்றும் தெரியாது. ஐ5-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7200 என்றால் ஏழாம் தலைமுறை, தகுதி இல்லை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை, சரி. 10210 என்றால் பத்தாம் தலைமுறை.

அடுத்தது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய கணினிகளில் இது பிராசசருக்குள்ளேயே இருக்கும், ஆனால் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலில்) அணைந்து கிடக்கலாம். இன்டெல் போர்டில் 'பிடிடி' என்றும் ஏஎம்டி போர்டில் 'எஃப்டிபிஎம்' என்றும் இருக்கும். 'எனேபிள்' செய்தால் முடிந்தது. பக்கத்திலேயே 'கிளியர் டிபிஎம்' என்று ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதைத் திறக்கும் சாவி அந்தச் சில்லில்தான் இருக்கிறது.

மூன்றாவது செக்யூர் பூட், அதாவது கணினி எழும்போது நம்பகமான நிரலை மட்டும் ஓடவிடும் காவல். ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தட்டித் திறந்து, 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'யூஇஎஃப்ஐ' (புது வகை பயாஸ்) என்றிருந்தால் பயாஸில் செக்யூர் பூட்டை இயக்கினால் போதும். 'லெகசி' என்றிருந்தால் நிதானம் தேவை. டிஸ்க்கைப் பிரித்து வைத்திருப்பது பழைய எம்பிஆர் முறையில் இருக்கும். அதை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றாமல் பயாஸில் மட்டும் யூஇஎஃப்ஐக்கு மாற்றினால் விண்டோஸ் ஏறவே ஏறாது. டேட்டா அழியாமல் மாற்றுவதற்கு 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே உண்டு. கமாண்ட் லைன் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுங்கள், பேக்கப் எடுத்த பிறகு.

ராம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி இருந்தால் போதும் என்கிறது மைக்ரோசாஃப்ட். 4 ஜிபியில் குரோமையும் டேலியையும் சேர்த்துத் திறந்து பார்த்தவர்களுக்கு அது போதாது என்று தெரியும். 8 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கணினி என்றால், விண்டோஸை மாற்றுவதற்கு முன், அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள். உங்களிடம் உள்ள பணத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் நான் எஸ்எஸ்டியைத்தான் சொல்வேன்.

படி 4: தாங்காது என்றால்?

முதல் வழி, கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்கும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே 'என்ரோல்' என்று ஓர் இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, விண்டோஸ் அமைப்புகளை மேகத்தில் (இணையச் சேமிப்பில்) சேமிக்கச் சம்மதித்தால் பணமில்லை. இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது 30 டாலர். இது தவணை வாங்குவதுதான், தீர்வு இல்லை. ஆனால் பள்ளிக் கட்டணமும் தீபாவளிச் செலவும் ஒன்றாக வரும் வீட்டில் புதுக் கணினிக்கு இது அவகாசம் தரும்.

இரண்டாவது வழி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ். நம் ஊருக்கு இது புதிதில்லை. பாஸ் என்ற லினக்ஸ் வகையை உருவாக்கியதே மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம்தான். தமிழக அரசு 2011-இலிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வருத்தம். வீட்டுப் பரணில் அப்படி ஒரு மடிக்கணினி கிடந்தால், லினக்ஸ் மின்ட் 22 போட்டுப் பாருங்கள். 2029 ஏப்ரல் வரை அதற்கு அப்டேட் உண்டு. பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் பிரிண்டரும் தமிழும் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு நிறுவலாம். பிள்ளைகளின் படிப்பு, யூடியூப், கடிதம், மின்னஞ்சல் எல்லாம் தாராளமாக நடக்கும். டேலியும் கையொப்ப டோக்கனும் அன்றாடம் தேவைப்படும் அலுவலகத்துக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, செகண்ட்ஸ். ரிச்சி தெருவில் ஐடி கம்பெனிகள் கழித்த லேப்டாப்கள் நிறைய வருகின்றன. "எய்த் ஜென்" என்று வாயால் சொல்வதை நம்பாமல், கடையிலேயே இயக்கச் சொல்லி, 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து பிராசசர் எண்ணைப் பாருங்கள். செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கத்தைத் திறந்து, 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய கம்பெனி பூட்டிய பயாஸ் உங்களுக்குத் திறக்காது. பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

நான்காவதாக ஒரு வழியைப் பலரும் சொல்வார்கள்: தகுதிச் சோதனையைத் தாண்டும் பென்டிரைவ் செய்து, பழைய கணினியிலேயே 11-ஐ ஏற்றிவிடுவது. ஏறும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்கிறது. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்? விளையாட்டுக்குச் செய்து பார்க்கலாம், கடைக் கணினியில் வேண்டாம். 'கிராக்' செய்த விண்டோஸும் அப்படித்தான். "ஓஎஸ் போட்டுத் தர்றேன்" என்பவர் பூட்டை உடைக்க ஓட்டும் கருவி, முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அந்த ஒரு நிமிடத்தில் வேறு என்ன உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது.

படி 5: பேக்கப்

வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல், மேகத்திலோ இன்னொரு கணினியிலோ மற்றொரு நகல். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் எடுத்தால் ஆயிற்று என்று நினைக்காதீர்கள். டேலி தரவு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று டேலிக்குள் நுழைந்தே பாருங்கள். சி டிரைவின் மூலையில் இருக்கும். அவுட்லுக் வைத்திருப்பவர்கள், மின்னஞ்சல்கள் சேமிக்கப்படும் பிஎஸ்டி கோப்பை மறக்க வேண்டாம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், மென்பொருள் லைசென்ஸ் எண்கள், ஏற்கெனவே சொன்ன தமிழ் ஃபான்ட்கள் ஆகியவையும் சேரட்டும்.

நகல் எடுத்தபின் அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, நாலு கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

இன்னொரு முக்கியமான காரியம். செட்டிங்ஸில் டிஸ்க்கைப் பூட்டும் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' அல்லது 'பிட்லாக்கர்' இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் அது இருக்கும். அதைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். பயாஸில் ஏதாவது மாற்றினால் கணினி திடீரென்று அந்தச் சாவியைக் கேட்கும். இல்லையென்றால் உள்ளே இருப்பது எதுவும் திரும்பக் கிடைக்காது. கடையில் வாங்கிக் கொடுத்தவரின் மின்னஞ்சல் கணக்கில் போய் அந்தச் சாவி உட்கார்ந்திருப்பதும் உண்டு. எந்தக் கணக்கு என்று இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 6: எந்த நாள், எப்படி

ஜிஎஸ்டி வேலை நடக்கும் கணினியை மாதத்தின் 8 முதல் 20 தேதி வரை தொடாதீர்கள். 11-ஆம் தேதி ஒரு தாக்கல், 20-ஆம் தேதி இன்னொன்று. நடுவில் டோக்கன் தகராறு செய்தால் தாமதக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். 21-க்குப் பிறகு வரும் சனிக்கிழமை மாலை நல்ல நேரம். உங்கள் பகுதிக்கு மின்வாரியம் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறதா பாருங்கள். பொதுவாகக் காலை 9 முதல் 2 வரை இருக்கும். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் கட்டாயம். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகியே வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாளில் இதை ஆரம்பிக்க வேண்டாம்.

இறக்க வேண்டிய கோப்பு 5 ஜிபிக்கு மேல் வரும். தினம் ஒன்றரை ஜிபி மொபைல் டேட்டாவை நம்பி இறங்காதீர்கள். பிராட்பேண்ட் உள்ள வீட்டில் செய்யுங்கள். சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

தகுதியுள்ள, முறையான லைசென்ஸ் உள்ள விண்டோஸ் 10-க்கு 11 இலவசம். செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட் என்று போனால் அங்கேயே அழைப்பு இருக்கும். வரவில்லையென்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'இன்ஸ்டலேஷன் அசிஸ்டென்ட்' கிடைக்கும். காசு கேட்கும் வேறு எந்தத் தளத்திலிருந்தும் இறக்காதீர்கள். வெளியிலிருந்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். பிரிண்டர், டோக்கன், டாங்கிள் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். நடுவில் பலமுறை அணைந்து எழும், சதவீதம் ஒரே இடத்தில் வெகுநேரம் நிற்கும். பொறுமை. பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

படி 7: முதல் பத்து நாள்

மாறிய பிறகு பிடிக்கவில்லை, ஏதோ ஓடவில்லை என்றால் 10 நாட்களுக்குள் 'கோ பேக்' கொடுத்து விண்டோஸ் 10-க்கே திரும்பலாம். அதற்கான பழைய கோப்புகள் சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற கோப்புறையில் இருக்கும். இடம் அடைக்கிறது என்று அதை அழித்துவிடாதீர்கள். அழித்தால் திரும்பும் வழி போய்விடும்.

ஆகவே இந்தப் பத்து நாளுக்குள் எல்லாவற்றையும் வேண்டுமென்றே சோதியுங்கள். படி 1-இல் எழுதிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். ஒரு பில் அச்சிடுங்கள். டோக்கனைச் செருகி அரசுத் தளத்தில் கையொப்பம் வரை போய்ப் பாருங்கள். விரல்ரேகைக் கருவியோடு ஓடும் 'ஆர்டி சர்வீஸ்' மென்பொருள் தொடங்குகிறதா பாருங்கள். பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்து, பக்கம் மாறாமல் இருக்கிறதா என்று அச்சிட்டே பாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் கணினி என்றால் இரண்டு மாற்றம் செய்துகொடுங்கள். நடுவில் போய்விட்ட ஸ்டார்ட் பட்டனை, டாஸ்க்பார் அமைப்பில் 'லெஃப்ட்' கொடுத்துப் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம். ரைட் கிளிக் செய்தால் பழைய பட்டியல் முழுதாக வராது; 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதில் மிச்சம் இருக்கிறது என்று காட்டிக் கொடுங்கள். "என்னமோ பண்ணிட்டே, எல்லாம் போச்சு" என்று அப்பா சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டுக்காகத்தான்.

பத்து நாளும் தாண்டி எல்லாம் சரியாக ஓடினால், ஸ்டோரேஜ் அமைப்பில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' சென்று பழைய விண்டோஸை நீக்கி இடத்தை மீட்டுக்கொள்ளுங்கள். வெளி டிஸ்க்கில் எடுத்த பேக்கப்பை மட்டும், புது விண்டோஸிலிருந்து ஒரு ஜிஎஸ்டி மாதம் முழுதாகத் தாக்கலாகி முடியும் வரை அழிக்காமல் வைத்திருங்கள்.